முதல் மூட்டையின் வாடை

இதை எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று எனக்கே உறுதி இல்லை. சுகுணா சொல்லிக் கேட்டதுதான். ஒரு முறை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னாள். இன்னொரு முறை போனில் சொன்னாள். இரண்டு முறையும் ஒரே மாதிரி இல்லை. முதல் தடவை, மூட்டையைப் பிரித்ததுமே மூக்கைச் சுளித்ததாகச் சொன்னாள். இரண்டாம் தடவை, அப்படி ஒரு வாடை அன்றைக்கு உண்மையிலேயே அடித்ததா, பின்னால் தெரிந்துகொண்டதை மனசு கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டதா, தெரியவில்லை என்றாள். அந்தச் சந்தேகத்தை நீக்காமலேயே சொல்லிவிடுகிறேன்.

சுகுணா பிக்கட்டிக்கு மேலே ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஊட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எடுத்துக்கொண்ட பொருள் டீ வேஸ்ட். தூள் தயாரிக்கும்போது சலித்து ஒதுக்கும் நாரும் காம்பும். அதைக் காற்றுப் படாமல் உலையில் எண்ணூறு டிகிரியில் சுட்டால் கரியாகும். அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய விழுந்தால், அதில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கலாம். பேட்டரி மாதிரி மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம், நொடிகளில் ஏறும், நொடிகளில் இறங்கும். ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் கால் ஏக்கருக்கு வரும் என்று அவள் தன் அத்தை சின்னம்மையிடம் சொன்னபோது, “கால் ஏக்கரா? அதுல யாரு கொழுந்து எடுப்பா?” என்று கேட்டாள் அத்தை.

துளை விழ வைப்பதுதான் கஷ்டம். உலகத்தில் எல்லோரும் காரத்தைக் கலந்து சுடுவார்கள். காரம் கரியை அரித்துத் துளை போடும். சுகுணாவுக்கு மட்டும், எதையும் கலக்காமல், வெறும் டீ வேஸ்ட்டைச் சுட்டே துளை விழுந்துவிட்டது. ஒரு கிராம் கரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று அளந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண் வந்தது. சும்மா சுட்ட கரிக்கு அறுபது வந்தாலே பெரிது. வழிகாட்டியான ராஜகுமாரி மேடம் மூன்று தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த எண்ணைப் பார்த்தார். ‘எந்த வேதிப்பொருளும் சேர்க்காமல் தானே துளையுறும் தேயிலைக் கரி’ என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து, கட்டுரையை ஒரு பெரிய இதழுக்கு அனுப்பினார்கள். கரியில் நைட்ரஜன் அதிகமாக இருந்ததற்கு, தேயிலையின் காஃபீனில் இருந்து வந்தது என்று மேடமே ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார். அழகான பத்தி. படித்தால் யாருக்கும் நம்பத் தோன்றும்.

ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், பதில் வந்தது. முடிவு வியப்பாக இருக்கிறது, தனித்தனியாகச் சேகரித்த மூன்று கழிவுகளில் இதையே செய்து காட்டுங்கள், ஆறு வாரம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சுகுணாவின் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. இந்தக் கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும்.

“மூணு என்ன, முப்பது பண்ணிக் காட்டலாம்” என்றார் மேடம்.

முதல் மூட்டையை அனுப்பியவர் அய்யாவு மாமா, அம்மாவின் அண்ணன், சின்னம்மை அத்தையின் கணவர். லைனுக்குக் கீழே உள்ள ஃபேக்டரியில் சலிக்கும் பகுதியில் இருபத்தாறு வருஷமாக வேலை. சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். மேனேஜரை இன்னும் தொரை என்றுதான் சொல்வார். இப்போது மறுபடி போனில் கேட்டதும், “எவ்வளவு வேணும் புள்ள? ஒரு மூட்டையா, ரெண்டா?” என்றார். சொன்னபடி பிக்கட்டி ஸ்டாப்பில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இந்தத் தடவை வந்த மூட்டையைப் பிரித்தபோது ஆய்வகமே தேநீர்க் கடை மாதிரி மணத்தது. நார் பொன் நிறத்தில் பொசுபொசுவென்று இருந்தது. தூசி கிடையாது, கல் கிடையாது.

“உங்க மாமா சீர் அனுப்பியிருக்காரா, குப்பை அனுப்பியிருக்காரா?” என்றாள் ஜெனிஸ். பக்கத்து மேசையில் சாயத் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஆராய்ச்சி செய்பவள்.

சுட்டாள். ஐம்பத்தெட்டு.

கை தவறியிருக்கும் என்று மறுபடி சுட்டாள். அறுபத்தொன்று. மாமாவிடம் இன்னொரு மூட்டை கேட்டு வாங்கினாள். அது இன்னும் சுத்தமாக வந்தது. ஐம்பத்தைந்து.

அதன் பிறகு இரண்டு வாரம் சுகுணா யாரோடும் அதிகம் பேசவில்லை. முதல் முறை செய்ததை நினைவுபடுத்திப் பார்ப்பதே வேலையாக இருந்தது. நோட்டைப் புரட்டினாள். ‘டீ வேஸ்ட், சலித்தது, ஒரு முறை அலசியது, உலர்த்தியது’ என்று நான்கு சொற்றொடர். இவ்வளவுதான் எழுதியிருந்தாள். அன்றைய தினத்தைக் கூப்பிட்டுப் பார்த்தால், எழுதியிருந்ததே திரும்ப வந்து நின்றது. எழுதாமல் விட்டது எதுவும் வரவில்லை.

ஒன்று மட்டும் நினைவு வந்தது. முதல் முறை சுட்டபோது பாதியில் கரண்ட் போனது.

“அதானா?” என்றாள் ஜெனிஸ். “இங்கயே கரண்ட் தயாரிச்சு கீழ கோயமுத்தூருக்கு அனுப்பிட்டு நம்மள உக்கார வெச்சிருக்கானே, அவனுக்கும் கட்டுரையில பேர் போட்டுடலாம்.”

சிரித்தாலும், சுகுணா அதையும் செய்து பார்த்தாள். உலை அறுநூற்று நாற்பதைத் தொட்டதும் சுவிட்சை அணைத்தாள். நாற்பது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி போட்டாள். கரண்ட் போனது எத்தனை நிமிடம் என்று உறுதியாகத் தெரியாததால், இருபது நிமிடம், அறுபது நிமிடம் என்றும் செய்தாள். ஐம்பத்தேழு. அறுபது. ஐம்பத்தாறு. கரண்ட் வாரியத்துக்கு இதில் பங்கில்லை என்று தெரிந்தது.

முதல் கரி இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஒன்பது கிராம்.

ஜெனிஸ்தான் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. “ஒன்பது கிராம். மூணு மூணா பிரி. மூணு ஃபேக்டரி பேர் வை. எவன் வந்து பார்க்கப் போறான்?”

“போடி.”

“நான் சும்மா சொன்னேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “சும்மா சொல்லலை” என்றாள்.

மறுநாள் மேடம் ஆய்வகத்துக்கு வந்தார். எண்களைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம் எதிர்க் கட்டிடத்தை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

“பழைய கரி இருக்கா இன்னும்?”

“இருக்குங்க மேடம். ஒன்பது கிராம்.”

உலையின் உள்ளே வாயு போகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில் மேடம் என்ன நினைத்தார் என்று சுகுணாவுக்குக் கடைசி வரை தெரியாது. தான் என்ன நினைத்தோம் என்பது தெரியும். மேடம் ஒரு வார்த்தை சொன்னால் செய்துவிடுவேன் என்றுதான் நினைத்தாள். அதை என்னிடம் சொல்லும்போது பஸ் ஸ்டாண்டில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்திரமா வை” என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் போனார்.

புட்டியை அலமாரியில் பூட்டினாள். மாமாவுக்குப் போன் செய்து இன்னும் ஒரே ஒரு மூட்டை கேட்டாள். நான்காவது.

அது வரவில்லை. இரண்டு நாள் கழித்து சின்னம்மை அத்தையின் போன்தான் வந்தது.

“ஒங்க மாமாவ கேட்ல புடிச்சிட்டாங்கடி. மூட்டையோட. வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“எதுக்கு அத்தை? குப்பைதானே?”

“எனக்கு என்னா விளங்குது? குப்பையத் திருடுனதுக்கு ஒருத்தனப் புடிப்பாங்களான்னு நான் கேக்குறேன், ஒங்க மாமா வாயத் தொறக்காம உக்காந்திருக்காரு.”

காலை முதல் வண்டியில் கிளம்பினாள். எமரால்டு ஊரைத் தாண்டியதும் காரட் கழுவும் இடத்தில் தண்ணீர் ஆவி பறந்தது. வண்டியில் இருந்த பெண்கள் குளிருக்குப் போர்த்திய துண்டுக்குள்ளிருந்து பேசிக்கொண்டு வந்தார்கள். சுகுணாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மாமா ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது.

ஃபேக்டரி ஆபீசில் காளிமுத்து என்ற அதிகாரி இருந்தார். கீழே சமவெளியிலிருந்து அவர் தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம். நல்ல மனிதர்தான், ஆனால் எதிரில் விரித்து வைத்திருந்த, மாமாவைப் பற்றிய பைலை மூடவில்லை. குப்பைக்காகவா வேலையை விட்டு நிறுத்தினீர்கள் என்று சுகுணா கேட்டாள்.

“ஏனுங்க அம்மிணி, படிச்ச புள்ள நீங்களே இப்படிக் கேட்டா எப்படிங்க? டீ வேஸ்ட்டைச் சுத்தமா வெளிய உட்டா என்ன ஆகும்? எவனாவது வாங்கிச் சாயம் ஏத்தி, தூள்ல கலந்து விப்பான். அதுக்குத்தான் சட்டமே இருக்குதுங்க. கெடுத்துப்போட்டுத்தான் வெளிய அனுப்போணும்.”

“கெடுத்துன்னா?”

“மனுசன் வாயில வெக்க முடியாதபடி பண்ணிப்போடறது. ஒவ்வொரு ஃபேக்டரில ஒவ்வொண்ணு கலப்பாங்க. இங்க அடுப்புச் சாம்பலும் யூரியாவும் கரைச்சு ஊத்தி, குமிச்சுப் போட்டு ரெண்டு மாசம் ஊற வெச்சிருவோம். அப்பறம் உரத்துக்குப் போவும். அந்தக் குவியல்ல எத்தன மூட்டை வேணும்னாலும் ஒரு சீட்டுப் போட்டுக் குடுத்திருப்பேன். உங்க மாமன் கொண்டுபோனது கெடுக்காத சரக்குங்க. நார் சும்மா பஞ்சாட்ட இருக்குது. எங்க லைசென்ஸே போயிருமல்லோ?”

சுகுணாவுக்கு ஏதோ கேட்க வேண்டும் போல இருந்தது. என்னவென்று தெரியவில்லை.

“அந்தக் குவியலைப் பார்க்கலாங்களா?”

காளிமுத்துவுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கும். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார். ஃபேக்டரிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த கொட்டகைக்கு அடுத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். கறுத்து, நசநசவென்று, ஓரத்தில் சாம்பல் திட்டுத் திட்டாக. மூத்திரக் காரம் மாதிரி ஒரு நெடி கண்ணில் ஏறியது. அந்த நெடி அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கே என்று யோசித்தாள். முதல் மூட்டை. வாளியில் அலசியபோது தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது, மிஷின் தூசி என்று நினைத்துக் கொட்டினாள்.

அப்படித்தான் அவளுக்கு நினைவு. அந்த இடத்தில் நின்றபோது வந்த நினைவு.

லைன் வீட்டில் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகும்போது போடும் அதே காக்கிச் சட்டை.

“மாமா, முதல்ல குடுத்தீங்களே ஒரு மூட்டை, அது எங்க அள்ளுனது?”

அவர் அவளைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“அத ஏன் கேக்குற இப்ப?”

“சொல்லுங்க.”

“பின்னால குமிச்சிருந்ததுல. நீ மொத மொத கேட்ட, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவசரத்துல கையில கெடைச்சத அள்ளிப் போட்டுட்டேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அனுப்பின பெறவு ஒரு வாரம் எனக்கு மனசே சரியில்ல புள்ள. எங்க ஆளுங்கள்ள இருந்து ஒருத்தி ஊட்டி காலேஜ் வரைக்கும் போயி படிக்கிறா, அவளுக்குப் போயி சாம்பலும் யூரியாவும் ஊத்துன குப்பையக் குடுத்திருக்கமே, அங்க உள்ளவங்க என்னா நெனைப்பாங்கன்னு. அதான் அடுத்த தடவ சலிப்புக் கூடத்துல இருந்தே நல்லதா எடுத்தேன். ஒங்க அத்தை ஒரு நாள் லீவு போட்டு மொறத்துல பொடைச்சுக் குடுத்தா.”

“ரெண்டு நாள்” என்றாள் சின்னம்மை அடுப்படியிலிருந்து. “ரெண்டு நாள் லீவு. கல்லு, தூசி எல்லாம் பாத்துப் பாத்துப் பொறுக்குனேன். கல்யாண அரிசிக்குக் கூட அப்படிப் பொறுக்குனதில்ல.”

சுகுணாவுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். சாம்பலில் இருப்பது பொட்டாசியம். காரம். இரண்டு மாதம் ஊறி நாருக்குள் இறங்கிய காரம்தான் உலையில் கரியை அரித்திருக்கிறது. நைட்ரஜன் யூரியாவிலிருந்து வந்தது. உலகம் முழுக்கக் கலப்பதைத்தான் அவளும் கலந்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். காஃபீன் பத்தி பொய். தலைப்பு பொய். இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் உண்மை.

“என்னா புள்ள, பேச மாட்டேங்குற? நான் குடுத்தது எதுவும் சரியில்லையா?”

“எல்லாம் சரிதான் மாமா.”

அவரிடம் அதை விளக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெட்கப்பட்டு அவர் திருத்திக்கொண்டதுதான் தன்னைக் கவிழ்த்தது என்று எப்படிச் சொல்வது? அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மூவரும் குடித்தார்கள்.

திரும்பிப் போகும் முன் காளிமுத்துவைப் பார்த்து, மூன்று மூட்டையும் ஆராய்ச்சிக்காகத் தான் கேட்டு வாங்கியது, நான்காவதும் தனக்குத்தான், சட்டம் தனக்கும் தெரியாது என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எந்த மூட்டை கெடுத்தது, எவை கெடுக்காதவை என்று தேதியோடு எழுதினாள். எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, மேடத்திடம் சொல்ல வேண்டியதையும் எழுதியாகிவிட்டது என்று. காளிமுத்து படித்துவிட்டு, குவியலிலிருந்து ஒரு மூட்டைக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்.

“இதக் கொண்டுபோயி என்னதான் பண்றீங்க அம்மிணி?”

“கரண்ட் சேர்த்து வெக்கிறதுங்க.”

“குப்பையிலயா?” என்று சிரித்தார். “அப்ப எங்க ஊட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

பஸ்ஸில் அந்த மூட்டையைப் பின்னால் வைக்கச் சொல்லி கண்டக்டர் சண்டை போட்டார். ஊட்டி வரை ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தாள்.

சுட்டாள். இருநூற்றொன்பது. சுத்தமான நாரில் தானே சாம்பலும் யூரியாவும் கரைத்து ஊற்றிச் சுட்டாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஜெனிஸ் எட்டிப் பார்த்து, கையில் இருந்த சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேடத்தின் அறையில் அன்று ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுகுணா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாமாவைப் பற்றி, குவியலைப் பற்றி, தான் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பற்றி.

“நோட்டுல எழுதலையா? எங்கிருந்து அள்ளினது, என்ன நிறம், என்ன வாடைன்னு?”

“எழுதலைங்க மேடம்.”

“வாடை அடிச்சதா அன்னிக்கு?”

“அடிச்சதுன்னுதான் இப்ப தோணுதுங்க. அன்னிக்கு மனசுல படலை. குப்பைன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிருப்பேன்.”

“நான் எழுதினேனே காஃபீன் பத்தி” என்றார் மேடம். அது அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. “யோசிக்காம எழுதினேன். நல்லா வந்துச்சுன்னு எழுதினேன்.”

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் மேடம் அந்த வருஷம் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். அது சுகுணாவுக்கும் தெரியும்.

“உக்காரு” என்றார் மேடம். கணினியைத் தன் பக்கம் திருப்பினார். “கட்டுரையத் திரும்ப எடுத்துக்கறோம்னு எழுதணும். காரணம் என்னன்னு நீ சொல்லு, நான் அடிக்கிறேன். மாமா பேர் வேண்டாம்.”

சுகுணா சொன்னாள். மேடம் அடித்தார். இடையில் ஒரு முறை நிறுத்தி, “அந்தப் புட்டி…” என்றார்.

“அப்படியே இருக்குங்க. திறக்கலை.”

மேடம் தலையை அசைத்துவிட்டு தொடர்ந்து அடித்தார்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சுகுணாவின் உதவித்தொகை மார்ச்சில் நின்றது. குந்தாவில் ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் ஆய்வகத்துக்குப் போய், ஒன்றே முக்கால் வருஷம் தாமதமாக ஆய்வேட்டைக் கொடுத்தாள். கெடுத்த டீ வேஸ்ட்டைப் பற்றி வேறொரு சின்ன இதழில் கட்டுரை வந்தது. அதில் எந்த மூட்டை எங்கே அள்ளியது, என்ன வாடை என்பது வரை எழுதியிருந்தாள். இப்போது அவள் அதே பள்ளியில்தான் இருக்கிறாள். ராஜகுமாரி மேடத்துக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடைக்கவில்லை, அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்தது. ஜெனிஸ் திருமணமாகித் திருப்பூர் போனாள், ஒரு சாயப்பட்டறையில் தண்ணீர் சோதிக்கும் வேலை. காளிமுத்து வேறு ஃபேக்டரிக்கு மாறிப் போனார். அய்யாவு மாமா பதினைந்து நாளுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். சலிப்புக் கூடத்தில் விடவில்லை, இலை வாட்டும் மாடியில் போட்டார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். எந்த மூட்டை வேலை செய்தது என்பதை சுகுணா அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சுகுணா சொல்லி சின்னம்மைக்குத் தெரியும், அவளும் அவரிடம் சொன்னதில்லை.